மெயினுக்கு முன்னால் ஒரு விளக்கு

எலக்ட்ரிக் வேலைக்கு வருகிறவனை முதல் நாளே நம்பிவிடுகிற வழக்கம் எனக்குக் கிடையாது. அதனால்தான் எதிர்வீட்டு நோரா, "அண்ணா, நீங்க கொஞ்சம் வந்து உக்காந்துக்கோங்க. அவன் பேசறது எனக்கு ஒண்ணும் வெளங்கல" என்று கூப்பிட்டதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஜீவனஹள்ளியில் எங்கள் சந்து அவ்வளவு ஒடுக்கம். தூறல் போட்டாலும் எதிர் வாசலுக்குப் போகக் குடை வேண்டாம்.

அந்த வீடு நோராவின் புருஷன் டென்சிலுடைய அப்பா கட்டியது. மண் சாந்து வைத்த செங்கல் சுவர். மேலே ஓடு இருந்தது, பிறகு ஷீட் ஆனது. ஒயரெல்லாம் அந்தக் காலத்தில் அடித்த மரப்பட்டிக்குள்ளேயே ஓடுகிறது. அதன் ரப்பரைத் தொட்டால் முறுக்கு மாதிரி உதிரும். டென்சில் ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன். சைரன் போட்டு ஊரையே ஒதுக்கிவிட்ட ஆள், சொந்த வீட்டில் ஒரு சுவிட்சு மாற்ற வேண்டுமென்றால் மாசக்கணக்கில் யோசிப்பான்.

போன தடவை மகள் குளோரியா ஓசூரிலிருந்து வந்திருந்தபோது குளியலறைக் குழாயைத் திருப்பினாள். ஈரக் கை. சுரீரென்று இழுத்துவிட்டது. வயிற்றில் பிள்ளை. கதவைப் பிடித்துக்கொண்டதால் விழவில்லை. விஷயம் அவள் மாமியாருக்குப் போய்விட்டது. அந்தம்மா போனிலேயே சொல்லிவிட்டாள்: "தலப் பிரசவம் அம்மா வீட்டுலதான், நான் வேணாங்கல. ஆனா கொழா தொட்டா ஷாக் அடிக்கிற வீட்டுல என் பேரப்புள்ளய குளிப்பாட்ட வேணாம். இங்கயே பாத்துக்கறோம்."

நோரா போனை வைத்துவிட்டு அழுவாள் என்று டென்சில் பார்த்தானாம். அவள் அழவில்லை. "வீட்டு ஒயரு மொத்தத்தயும் மாத்தறோம். ஞாயித்துக்கெழம அந்தம்மாவே கொண்டாந்து விடட்டும். கொழாய தொட்டுப் பாத்துட்டுப் போவட்டும்" என்றாளாம்.

அப்படி வந்தவன்தான் வைத்தீஸ்வரன். கிருஷ்ணகிரிப் பக்கத்து ஆள். பிரேசர் டவுனில் பாதி வீட்டுக்கு நான்தான் ஒயர் இழுத்தேன் என்பான். வாய் ஓய்ந்தால் கை ஓடாது அவனுக்கு. நான் போனபோது சமையலறைத் தொட்டிக்குக் கீழே குனிந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இங்க வாங்க. எர்த்து எங்க கட்டியிருக்காங்க பாருங்க. தண்ணி பைப்புல."

"அப்பல்லாம் அப்படித்தான்யா கட்டுவாங்க" என்றேன்.

"அப்ப பைப்பு இரும்பு, மண்ணுக்குள்ள போச்சு. இப்ப வெளிய பூரா பிளாஸ்டிக் போட்டுட்டாங்க. கீசர்ல கசியற கரண்ட்டு மண்ணுக்குப் போவ வழி இல்லாம கொழாயிலயே குந்திகினு இருக்குது. பாப்பா கை வச்சதும் ஏறிகிச்சு."

பிறகு தச்சன் பென்சிலை எடுத்துச் சுவரிலேயே கோடு போட்டான். எப்படியும் உடைக்கப் போகிற சுவர்தான்.

"அக்கா, இந்த வீட்டுல ஒரே ஃபியூசு. லைட்டும் அதுல, கீசரும் அதுல, மிக்ஸியும் அதுல. மிக்ஸி மக்கர் பண்ணா வீடே இருட்டு. நான் எல்லாத்தயும் பிரிச்சுடறேன். கீசர் தனியா வந்து டிபி பாக்ஸ்ல, அதான் எல்லா லைனும் வந்து சேர்ற பெட்டில உக்காரும், அதுக்குத் தடி ஒயரு. அடுப்படி பிளக்கெல்லாம் தனி. ஃபிரிட்ஜயும் அதுலயே போட்டுக்கலாமா?"

"வேணாம்" என்றாள் நோரா. "அடுப்படில எதாவது ஆச்சுன்னா ஃபிரிட்ஜும் நின்னுடும். மீன் வச்சிருப்பேன்."

"பாத்தீங்களா, அக்காவுக்கு வெளங்குது! ஃபிரிட்ஜ் தனி. முன் ரூம் லைட்டு ஒரு லைன், பின் ரூம் லைட்டு ஒரு லைன்."

எனக்குச் சந்தேகம் வந்தது. "என்னய்யா, கல்யாண மண்டபமா கட்டறாங்க? லைட்டுக்கே ரெண்டு லைனா?"

"ஏன்ணே, கொழந்தைக்குத் துணி மாத்திகினு இருக்கறப்ப ஒரு லைன் விழுந்துச்சுன்னா பக்கத்து ரூம் லைட்டாவது எரிய வேணாமா? தடவிகினா பின்னூசி குத்தறது?"

ஒயர் சுருளைக் கொண்டுவா, தர முத்திரை பார்க்கணும் என்று பேச்சை மாற்றினேன். முத்திரை இருந்தது.

கடைசியில் சுவரில் வரைந்த பெட்டியின் தலைமாட்டில் ஒரு கட்டம் போட்டான். "இது ஆர்சிசிபி. இதான் காவக்காரன். உள்ள போன கரண்ட்டும் திரும்பி வர்ற கரண்ட்டும் ஒரே அளவா இருக்கான்னு பாத்துகினே இருப்பான். கொறஞ்சா, யாரோ ஒருத்தர் ஒடம்பு வழியா போவுதுன்னு அர்த்தம். டப்புனு மொத்தத்தயும் வெட்டிடுவான்."

"மொத்தம்னா?" என்று நோரா கேட்டாள்.

"மொத்தம்தான்."

அவள் முன் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே சுவரில் இருதய ஆண்டவர் படம். படத்துக்குக் கீழே சிவப்பாக இரண்டு சின்ன பல்பு. ஒன்று போனால் இன்னொன்று எரிய வேண்டுமென்று இரண்டாக வைத்தது. மகன் ஆண்ட்ரூ சரக்குக் கப்பலில் வேலைக்குப் போன அன்றைக்கு நோரா நேர்ந்துகொண்டாள், அவன் கடலில் இருக்கிற வரைக்கும் இந்த வீட்டில் ஒரு கையும் அந்த விளக்கை அணைக்காது என்று. சந்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஆண்ட்ரூ இப்போதும் கடலில்தான் இருக்கிறான்.

"கீசர் பண்ற தப்புக்கு ஆண்டவர் ஏன்பா அவியணும்?" என்றாள்.

வைத்தீஸ்வரன் தலையைச் சொறிந்தான். "சரி, அவருக்கு மட்டும் தனிக் காவக்காரன் போட்டுத் தரேன். பொதுவானவனுக்குக் கீழ வர மாட்டாரு. போதுமா?"

"மெயின் ஆஃப் பண்ணா?" என்று டென்சில் மெதுவாகக் கேட்டான்.

"மெயின் ஆஃப் பண்ணா எல்லாம்தான் ஆஃப். மெயினுக்கு முன்னாடி எதுவும் இருக்கக் கூடாது சார்."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் அதைப் பார்த்தேன். ஏதோ மறைக்கிறார்கள் என்று தெரிந்தது. என்ன என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் காலையில் சுவரை வெட்ட ஆரம்பித்தான். வீடு பூரா செம்மண் புழுதி. ஆகஸ்ட் மாசத்துக் குளிர் காற்று, தூறல், ஜன்னலைத் திறந்தாலும் கஷ்டம், மூடினாலும் கஷ்டம். நோரா முக்காடு போட்டுக்கொண்டு அரிசியைக்கூட மூடி மூடி வைத்துச் சமைத்தாள். படத்தின் மேல் புழுதி படியக் கூடாதென்று பழைய பெட்ஷீட்டை எடுத்து விளக்கோடு சேர்த்துப் போர்த்திவிட்டாள். கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டினார்கள். இடுப்பளவு போனதும் பாறை. டென்சிலும் வைத்தீஸ்வரனும் மாறி மாறிக் கடப்பாரை போட்டார்கள். கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டியபோது, "என்னடா, எர்த்துக்கு ஊறுகாய் போடறியா?" என்று டென்சில் சிரித்தான். அவன் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது.

மத்தியானச் சோற்றுக்கு அப்புறம் வைத்தீஸ்வரன் மெயினை அணைத்தான். முன் அறை சுவிட்சு போர்டில் டெஸ்டர் வைத்துப் பார்த்தான், எரியவில்லை. சரி என்று ஸ்டூல் மேல் ஏறி, படத்துக்கு மேலே ஓடிய மரப்பட்டியைப் பிடுங்கினான். உள்ளே ஒரு ஜாயின்ட். டேப் உதிர்ந்து செம்புக் கம்பி தெரிந்தது. விரலால் அதை ஒதுக்கினான்.

கத்தக்கூட இல்லை. ஹுக் என்று ஒரு சத்தம். ஸ்டூல் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். விழும்போது பெட்ஷீட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டே விழுந்தான்.

வீட்டில் மெயின் ஆஃப். ஃபேன் ஓடவில்லை, ஃபிரிட்ஜ் ஓடவில்லை. படத்துக்குக் கீழே இரண்டு பல்பும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

டென்சில் ஓடிவந்து அவன் மார்பைத் தேய்த்தான். நாடி பார்த்தான். அந்த வேலையில் மட்டும் அவனுக்கு யோசனை கிடையாது. நோரா சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தாள். வைத்தீஸ்வரன் எழுந்து உட்கார்ந்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல் நுனி வெள்ளையாக வெந்திருந்தது.

"எங்கருந்து எடுத்தீங்க அத?" என்றான்.

நோரா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எங்கருந்து சார் எடுத்தீங்க?"

"மெயினுக்கு முன்னாடி" என்றான் டென்சில். "நான்தான் எடுத்தேன். பல்பு மாத்த, ஃபியூஸ் போட, எதுக்கு மெயின் ஆஃப் பண்ணாலும் இது அவியக் கூடாதுன்னு."

எனக்கு உடனே வேறு புத்தி. "மீட்டருக்கு முன்னாடியா டென்சில்? இத்தன நாளா கரண்ட்டு திருடிகினா ஆண்டவருக்கு விளக்கு ஏத்தினீங்க?"

"சீ! மீட்டருக்கு அப்புறம்தான் மூர்த்தி. ஒவ்வொரு மாசமும் கட்டியிருக்கறோம். அந்த மாதிரி ஆளா நானு?"

வைத்தீஸ்வரன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக் கத்தினான். "திருடியிருந்தாக்கூட பரவால்ல! சொல்லியிருக்கணுமா இல்லியா? எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது சார். அக்கா, நேத்து நான் மெயினப் பத்திப் பேசினப்ப பக்கத்துலதான நின்னுகினு இருந்தீங்க?"

"சொன்னா வெட்டிடுவியோன்னு பயந்தேம்பா" என்றாள் நோரா. "தப்பு என் பேர்லதான்."

"நீ செத்திருந்தா என்னா பண்ணியிருப்பா இவ, ஜெபமாலை சொல்லியிருப்பா" என்றேன் நான். சொல்லியிருக்க வேண்டாம்தான். நோரா முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

வைத்தீஸ்வரன் சாமான்களைப் பையில் போட்டான். "மீட்டர் கிட்ட கட்-அவுட் இருக்குது. அத புடுங்குங்க. வீடு மொத்தமும் செத்ததுக்கு அப்புறம்தான் நான் கை வப்பேன். புடுங்க மாட்டேன்னா வேற ஆளப் பாருங்க."

கட்-அவுட் என்பது தெருக் கம்பத்திலிருந்து வருகிற ஒயர் முதலில் நுழைகிற பீங்கான் ஃபியூஸ். அதை உருவினால் மீட்டர், மெயின், விளக்கு எல்லாம் போய்விடும்.

"புடுங்கினா நாமதான அணைக்கிறோம்" என்றாள் நோரா.

"அதான் தெனம் கரண்ட்டு போவுதே நோராம்மா? அப்ப மட்டும் அவியலியா?" என்றேன்.

"கரண்ட்டு போனா அது அவரு அணைக்கிறது. நான் கை வச்சா நான் அணைச்சது."

"மெழுகுவத்தி ஏத்தேன் அந்த நேரத்துக்கு" என்றான் டென்சில்.

"நான் நேந்துகிட்டது மெழுகுவத்தியா? இந்த வெளக்கு."

"என் வீட்டுலருந்து ஒரு ஒயர் இழுத்துத் தரேன்" என்றேன். "பல்ப அதுல மாட்டிக்க."

"எரவல் கரண்ட்டுல நேத்திக்கடனா அண்ணா? நீங்க எனக்காக நோன்பு இருந்தா என் வயிறு காயுமா?"

இவளோடு பேசிப் பயனில்லை என்று எழுந்தேன். வைத்தீஸ்வரனும் பையைத் தோளில் மாட்டினான். நோரா கதவில் நின்றுகொண்டு அவனை விடவில்லை. போனை எடுத்துக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துத் தேடினாள்.

"வியாழக்கெழம ஷட்டவுனு. கரண்ட் ஆபீஸ்லருந்து மெசேஜ் வந்திருக்குது. காலைலருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் பக்கம் பூரா இல்ல. அவங்க நிறுத்தினதுக்கப்புறம் நீ கட்-அவுட்ட உருவு. அவங்க விடறதுக்குள்ள திரும்ப மாட்டிடு. எங்க கை படாது. அதுவரைக்கும் அந்தச் சுவர் பக்கமே போவாத. முடியுமா?"

ஆட்டோக்காரனை ஏமாற்றுகிற மாதிரி ஆண்டவரையே ஏமாற்றப் பார்க்கிறாளே என்று நினைத்தேன். வைத்தீஸ்வரன் யோசித்தான். தாடையைத் தேய்த்தான்.

"மீதி ஒயரெல்லாம் அதுக்குள்ள இழுத்து ரெடியா வச்சுட்டா, அன்னிக்கு மெயின மாத்தி டிபில சேக்கறதுதான் வேல. முடியும். ஆனா என்னிய அவசரப்படுத்தக் கூடாது."

"நான் அவசரப்படுத்த மாட்டேன்" என்றாள்.

புதன்கிழமை முழுக்க இழுத்தார்கள். பிளாஸ்டிக் குழாய்க்குள் ஸ்பிரிங்கை விட்டு அந்த முனையில் ஒயரைக் கட்டி, டென்சில் தள்ள வைத்தீஸ்வரன் இழுக்க, "உடு உடு... நிறுத்து... ஸ்வல்ப உடு" என்று பிரசவம் பார்க்கிற மாதிரி ஒரே சத்தம். நான் எங்கள் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்து எதிலாவது குறை கண்டுபிடிக்கப் பார்த்தேன். கரண்ட் வருகிற சிவப்பு ஃபேஸ், திரும்புகிற கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த்து. ஒவ்வொரு லைனுக்கும் அதனதன் நியூட்ரல் தனியாக வந்து பெட்டிக்குள் சேர வேண்டும், ஒன்றுக்கொன்று கலந்தால் காவல்காரன் நிற்கவே மாட்டான் என்று சொல்லிச் சொல்லிக் கட்டினான். பெட்டியைத் திறந்தால் கொத்துக் கொத்தாக ஒயர் தொங்கியது. குறை ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. சுத்தமாகப் பெருக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை மிக்ஸி ஓடாது என்று நோரா விடியும்போதே தேங்காய் அரைத்துவிட்டாள். மஞ்சள் சோறு, கைமா உருண்டைக் குழம்பு. வேலை செய்கிறவனுக்கு வயிறு நிறைய வேண்டும் என்றாள். கரண்ட் போகிற நேரத்துக்கு எல்லாரும் முன் அறையில் வந்து நின்றோம். சிவப்பு பல்பு இரண்டும் ஒருதரம் மங்கின. அணைந்தன. நோரா சிலுவை போட்டுக்கொண்டாள்.

"அவரு அணைச்சாரு" என்றாள். "ஆரம்பிப்பா."

வைத்தீஸ்வரன் கட்-அவுட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டான். டெஸ்டரை மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தான். புறங்கையால் தட்டிப் பார்த்தான். அப்புறம்தான் பழைய இரும்பு மெயினைக் கழற்றினான். பின்னால் கரப்பான் முட்டையும் கரியும். டென்சில் போட்ட திருட்டு ஜாயின்ட்டை வெட்டித் தரையில் போட்டான். வெளியே காற்றும் மழையும் அடித்துக்கொண்டிருந்தன. கதவை ஒட்டிப் பெட்டியை வைத்திருந்ததால் வெளிச்சத்துக்காக டென்சில் கதவைப் பிடித்துக்கொண்டு நனைந்தான்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தான். ஃபேஸ் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. நியூட்ரல் கொத்துகளைச் சொருகியிருந்தான், முடுக்கவில்லை.

அப்போது பக்கத்து வீட்டு போர் மோட்டார் உறுமியது. சந்தில் எங்கோ ஒரு டிவி பாட்டு. பிள்ளைகள் ஹே என்று கத்தின.

கரண்ட் வந்துவிட்டது. சாயங்காலத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தது.

எல்லாரும் நோராவைப் பார்த்தோம். எதிர்ச் சாரியில் என் வீட்டு வாசல் விளக்குகூட எரிந்தது. இந்த ஒரு வீடு மட்டும் இருட்டு. அது கரண்ட் ஆபீஸ் செய்த இருட்டு இல்லை. வைத்தீஸ்வரன் சட்டைப் பையில் இருந்த இருட்டு.

"போடு வைத்தி" என்றான் டென்சில். "பையன் நடுக்கடல்ல இருக்கறான்யா. போட்டுடு."

வைத்தீஸ்வரன் சட்டைப் பையைத் தொட்டான். "இப்படியே போட முடியாது சார். நியூட்ரல் லூசா இருக்குது, பத்திகினு எரியும். ஒண்ணு பண்ணலாம். மீட்டர்லருந்து வெளக்குக்கு மட்டும் ரெண்டு ஒயர முறுக்கி டேப் சுத்தி உட்டுடறேன். ஒரு நிமிஷம். ஒடனே எரியும். மீதி வேலைய அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா என்னிக்கு?" என்று நோரா கேட்டாள்.

"வெளக்கு எரியறப்ப இங்க கை வைக்க முடியாதுல்ல. அடுத்த ஷட்டவுனு வரைக்கும்தான்."

"ஞாயித்துக்கெழம குளோரியா வந்துடுவா."

"வரட்டும்க்கா. அந்த ஒயர யாரும் தொடாம பாத்துக்கணும்."

"தொட்டா?"

அவன் வெந்த விரலைக் காட்டினான்.

நோரா படத்தைப் பார்த்தாள். பல்பு இரண்டும் செத்த கண் மாதிரி இருந்தன. என்னைக் கேட்டிருந்தால் போடச் சொல்லியிருப்பேன். எனக்கே அப்படித் தோன்றியது. ஒரு நிமிஷ வேலை, அவளுக்கும் நிம்மதி.

அவள் கையை நீட்டினாள்.

"அத இங்க குடு."

"எத?"

"கட்-அவுட்ட."

வைத்தீஸ்வரன் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு என் நாற்காலியை இழுத்துப் படத்துக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள்.

"நிதானமா முடுக்கு" என்றாள். "ஒவ்வொண்ணா. எனக்கு அவசரம் இல்ல."

டென்சில் அவள் தோளைத் தொட்டான். "நோரா, நீ தெரிஞ்சுதான் பண்றியா? நாளைக்கு ஆண்ட்ரூவுக்கு நான் என்னா சொல்லட்டும்?"

"உள்ளத சொல்லுங்க. தங்கச்சி வர்றா, அதனால அம்மாதான் அணைச்சான்னு சொல்லுங்க. அவன் கோச்சிக்க மாட்டான்." படத்தை நிமிர்ந்து பார்த்தாள். "இவரு கோச்சிகினாருன்னா நான் பேசிக்கறேன்."

பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியது. எங்கள் சந்து முழுக்க வெளிச்சமும் சத்தமுமாக இருந்தது. வைத்தீஸ்வரன் டென்சில் பிடித்த செல்போன் வெளிச்சத்தில் குனிந்து, ஒவ்வொரு ஒயரையும் முடுக்கி இழுத்துப் பார்த்தான். அன்றைக்குத்தான் அவன் பேசாமல் வேலை செய்து பார்த்தேன். மழை விட்டு மறுபடி பிடித்தது.

கடைசியில் மூடியைப் போட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். "முடிஞ்சுதுக்கா. குடுங்க, மாட்டிடலாம்."

நோரா கொடுக்கவில்லை.

"மூடியக் கழட்டு" என்றாள். "எல்லாத்தயும் இன்னொரு தடவ இழுத்துப் பாரு."

வைத்தீஸ்வரன் என்னைப் பார்த்தான். நான் அவனுக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக் கொடுத்தேன்.